அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்

எங்கள் சந்தில் யாராவது இறந்துபோனால் பக்கத்து வீட்டு அக்கா முதலில் குளித்துவிடுவாள். சாவு வீட்டுக்குப் போய்வந்த பிறகு குளிப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். அவள் போவதற்கு முன்பும் குளிப்பாள். ஈரத் தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு, யார் கையையும் பிடித்து அழாமல், நேராக உடல் கிடத்தியிருக்கும் இடத்துக்குப் போவாள். தலைமாட்டில் மண்டியிட்டு, இறந்தவரின் காதருகே குனிந்து ஏதோ சொல்வாள். ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. பிறகு சொன்னது புரிந்ததா என்று பார்ப்பதுபோல அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். அவ்வளவுதான். எழுந்து வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த பாலில்லாத கட்டன் சாயாவைக் குடிப்பாள்.

ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கிறிஸ்தவ வீட்டிலும் அவளை யாரும் தடுக்கவில்லை. வயசான பொம்பளை, நல்லதுக்குத்தான் செய்வாள் என்று விட்டுவிட்டார்கள். யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்கன்னு சொன்னேன்" என்பாள்.

கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து நான் திருவனந்தபுரம் வந்தபோது எங்களுக்குக் கிடைத்த வீடு ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. என் கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் மொத்த மளிகைக் கடையில் வேலை. அடுத்த வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். நாகர்கோவில்காரி. கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சாலையில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற வேலை. குடம், தாம்பாளம், குத்துவிளக்கு எது வாங்கினாலும் அவளிடம்தான் கொண்டுபோய் வைப்பார்கள். தமிழில் கேட்டால் தமிழில், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில், சின்ன மின்சார எந்திரத்தை வைத்துக்கொண்டு ர்ர்ர் என்று பெயரைப் பொறித்துக் கொடுப்பாள். பகல் முழுவதும் அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் தடித்துப் போயிருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் பேசினாலும் சந்து முழுக்கக் கேட்கும். இறந்தவர்களின் காதில் மட்டும்தான் அவள் மெதுவாகப் பேசினாள்.

அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, யாரும் ஒன்றைத் தெரியாமல் நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது. புதுச் சட்டையில் விலைச்சீட்டைக் கிழிக்காமல் போகிறவரை நடுத்தெருவில் நிறுத்திச் சொல்வாள். யார் வீட்டில் பால் பொங்கினாலும் சன்னல் வழியாகக் கத்துவாள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்களை எல்லாம் "எங்க இறங்கணும்?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். ஒருமுறை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் மெடிக்கல் காலேஜுக்குப் போகிற ஒரு குடும்பம் தப்பாக ஏறி உட்கார்ந்துவிட்டது. கையில் ஸ்கேன் கவரோடு ஒரு கிழவர். அவர்களைக் கீழே இறக்கி, சரியான பஸ்ஸைக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டுத்தான் வந்தாள். நாங்கள் போக வேண்டிய பஸ் போய்விட்டது.

"அவியளுக்குத் தெரியாதுல்லா?" என்றாள். அவளுக்கு அது போதுமான காரணம்.

இந்தக் குணத்தால் கடையில் ஒருமுறை பெரிய ரகளையே ஆனது. ஒரு கல்யாணப் பரிசுக்குக் குத்துவிளக்கு வாங்கி, மணமகன் மணமகள் பெயர்களை வெட்டக் கொண்டுவந்திருந்தார்கள். மணமகனின் பெயரையும் வீட்டுப் பெயரையும் பார்த்ததும் அக்காவின் கை நின்றுவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் இதே பெயரை, இதே வீட்டுப் பெயரோடு, வேறொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் அவளே வெட்டியிருக்கிறாள். விளக்கு வாங்க வந்தவர்களிடம் விசாரித்தாள். "அது முடிஞ்ச கதை, பெண் வீட்டில் பெரியவங்களுக்குத் தெரியும், பெண்ணுக்குத்தான் பிறகு சொல்லிக்கலாம்னு இருக்காங்க" என்றார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போய், பெண்ணை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தாள். கல்யாணம் நின்றது. கடை முதலாளி அவளை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டினார்.

அன்று மாலை என்னிடம் சொன்னாள்: "எல்லாருக்கும் தெரியும் பிள்ளே. பட்டுச்சேலை எடுத்தவனுக்குத் தெரியும், பந்தல் போடுகவனுக்குத் தெரியும். நடுவுல நிக்கிறவளுக்கு மட்டும் தெரியாது. அது எவ்வளவு அநியாயம்!"

இறந்தவர்களின் விஷயத்தையும் அவள் இதே வார்த்தைகளில்தான் எனக்குச் சொன்னாள்.

எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் மாரடைப்பில் போன மறுநாள். மொட்டைமாடியில் நல்ல வெயில். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு முறத்தில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள். "நேத்து அவரு காதுல என்னக்கா சொன்னீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

அவள் கையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "நிசமாட்டே கேக்கியா?"

"ஆமாக்கா."

"நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு சொன்னேன்."

அவள் வேறு எதையோ விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னாள். "செத்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆம்புலன்ஸ்காரனுக்குத் தெரியும், பூ கொண்டுவாறவனுக்குத் தெரியும். கிடக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியாது. என்னத்துக்கு எல்லாரும் அழுகாவ, ஏன் நான் கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்காவன்னு அது முழிச்சிட்டு நிக்கும். யாராவது சொல்லணும். சுத்தி வளைச்சுச் சொன்னா விளங்காது. செத்துப் போயிட்டீங்க, பயப்படாதீங்க, இனி இங்க ஒரு வேலையும் இல்ல, போலாம். அவ்வளவுதான். சொன்னா போயிரும்."

கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போடாமல் நின்றேன். என் அப்பா இறந்து அப்போது அதிக நாளாகவில்லை. கூடத்தில் அவரைப் படுக்கவைத்திருந்ததும், நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து அழுததும், ஒருவர்கூட அவரிடம் எதையும் சொல்லாததும் நினைவுக்கு வந்தது.

"எங்க அப்பாட்ட யாரும் சொல்லலியே அக்கா" என்றேன்.

அக்காவின் முகம் மாறியது. வேகமாகச் சொன்னாள்: "அது சாரமில்ல மக்கா. கொஞ்சம் தாமசம் ஆகும், அவியளாவே தெரிஞ்சுக்கிடுவாவ." என் சமாதானத்துக்காக அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய பதில் அது என்று எனக்குப் புரிந்தது. மிளகாய் முறத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது, "உனக்கு இதச் சொல்லியிருக்கப் பிடாது" என்றாள்.

அந்த வருஷம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் கட்டில் இருந்த அறைக்குள் தனியாகப் போய் நின்றேன். நம்பினேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாயைத் திறந்தேன். "அப்பா" என்பதற்கு மேல் வரவில்லை. அம்மா பின்னால் வந்து, "யாரு கூடப் பேசுத?" என்றாள். வெளியே வந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த அறைக்குப் போனாலும், வாசலில் ஒருவர் நிற்க இடம்விட்டு நடப்பதுபோலத்தான் நடந்தேன்.

என்னைத் தவிர இன்னொருவரிடமும் அவள் சொல்லியிருக்கிறாள். மனைவியின் பதினாறாம் நாளுக்குக் கிண்ணங்கள் வாங்கி, நினைவாக என்று பெயர் வெட்டக் கொண்டுவந்தவர். வெட்டி முடித்துக் கொடுக்கும்போது அவள், "அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எதைச் சொல்ல என்று அவர் கேட்க, இவள் சொல்ல, அந்த மனிதர் கிண்ணங்களைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அவர் மகன் வந்து, அப்பா ராத்திரியில் தூங்குவதில்லை, வீட்டில் எல்லா விளக்கையும் போட்டு வைக்கிறார் என்று சண்டை போட்டான். அதோடு அவள் முடிவு செய்துகொண்டாள். செத்தவர்களிடம் சொல்லலாம், இருப்பவர்களிடம் சொல்லக் கூடாது.

"கேக்காத ஆளுக்கிட்டப் போயி இதச் சொன்னா, அவிய வீட்டுக்குள்ள கல்லெறிஞ்ச மாதிரியாக்கும்" என்பாள். என் கணவரும் அவளைப் பற்றி இதையேதான் வேறு மாதிரி சொன்னார்: "அந்த அம்மா நல்லவங்கதான். ரொம்ப ஒட்டிக்காதே."

சந்தின் கடைசியில், இரும்புக் கேட் போட்ட சின்ன வீடு விமலாவுடையது. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவள் பேச்சில் பாதி மலையாளம். கணவர் இல்லை. மகள் பெங்களூரில். மகன் பிரவீண் அம்மாவோடு இருந்து டெக்னோபார்க்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சாயங்காலம் பைக்கை முடுக்கிக்கொண்டு சந்துக்குள் வரும்போது எங்கள் வீட்டு சன்னல் கம்பி அதிரும். அக்கா அவனைத் திட்டுவாள். அவன் அவளைப் பார்த்து வேண்டுமென்றே இன்னொரு முறை முடுக்குவான்.

பைபாஸில் ஒரு விபத்தில் அவன் போனான். மெடிக்கல் காலேஜிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். முகம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. வழக்கம்போல அக்கா குளித்துவிட்டுப் போனாள். விமலா மகன்மேல் விழுந்து கிடந்தாள். சுற்றிலும் அவன் நண்பர்கள். அக்கா ஒதுங்கி ஒதுங்கித் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தபோது ஒரு பையன், "தொடண்டா சேச்சி, பிளீஸ்" என்று தடுத்துவிட்டான். போஸ்ட்மார்ட்டம் முடிந்த உடல், தொடக் கூடாது என்றான். அவள் மறுபடி முயல்வதற்குள் தைக்காட்டுச் சுடுகாட்டுக்குத் தூக்கிவிட்டார்கள். அன்று அக்கா சாயா குடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று வண்டி போவதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு விமலா ஒன்று செய்யத் தொடங்கினாள். சாயங்காலம் அவன் வரும் நேரத்துக்கு எழுந்து வந்து கேட்டை முழுதாகத் திறப்பாள். ஓரமாக நிற்பாள். ஒரு பைக் உள்ளே போய் நிற்பதற்கு ஆகும் நேரம் நின்றுவிட்டு, கேட்டை மூடிவிட்டு உள்ளே போவாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அழவும் இல்லை. சந்தில் எல்லோரும் பார்த்தோம். பாவம் என்றோம்.

ஒருநாள் நான் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போது நான் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருந்தேன். விமலா கேட்டைத் திறந்து பிடித்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, எதையும் நினைக்காமல், சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். பைக் எதுவும் வரவில்லை. ஆனால் அது கடந்துபோகிற வரைக்கும் நான் நின்றிருக்கிறேன். விமலா கேட்டை மூடிய பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. என் வீட்டுக்குப் போகாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

நான் சொன்னதைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை. "அவன் தினமும் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாறான் பிள்ளே. அவன்கிட்ட யாரும் சொல்லலியே" என்றாள்.

"அப்ப நீங்களே போய் சொல்லிருங்கக்கா."

"உடம்பு கிடக்கும்போதுதான் எனக்க குரல் கேக்கும். இப்ப அவனுக்கு அவனுக்க அம்மை குரல் மட்டும்தான் கேக்கும். அவதான் சொல்லணும்."

அவள் எதை நோக்கிப் போகிறாள் என்பது எனக்கு விளங்கியபோது பயமாக இருந்தது. "வேண்டாம்க்கா. பெத்தவகிட்டப் போயி, உன் பிள்ளைகிட்ட 'நீ செத்துட்டே'ன்னு சொல்லுன்னா சொல்லுவீங்க? அவ தாங்குவாளா?"

"அவன் தாங்குவானா? அதையும் பாக்கணும்லா?"

அந்த மாதம் முழுக்க அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முறுக்கு எடுத்துக்கொண்டு விமலா வீட்டுக்குப் போவாள். கேஸ் சிலிண்டரைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பி வருவாள். "வாய் வரைக்கும் வந்துது. வரல்ல" என்பாள். விமலாவிடம் சொன்னால் அந்தக் கிண்ணம் வாங்க வந்தவர் மாதிரி ஆகிவிடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் அந்தப் பையன் எத்தனை சாயங்காலம் இப்படி வந்து வந்து நிற்பான் என்ற பயம். கடையில் பெயர்களைத் தப்பாக வெட்டினாள். ஒரு குடத்தில் கேட்ட பெயருக்குப் பதிலாகப் பிரவீண் என்று வெட்டிவிட்டாள். முதலாளி கத்தியதைக்கூட அவள் காதில் வாங்கவில்லை. சாயங்காலமானால் சன்னலைச் சாத்திவிடுவாள். முன்பெல்லாம் அவன் பைக் சத்தத்துக்கு அப்படிச் சாத்துவாள். இப்போது எதற்குச் சாத்துகிறாள் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கதவைத் தட்டி, "கூட வா. நீ ஒண்ணும் பேசண்டாம், இருந்தா போரும்" என்றாள்.

விமலா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வா சேச்சி, இரி. சாயா போடட்டே?" என்றாள். அக்கா வேண்டாம் என்று தலையசைத்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் வாசல் பக்கம் இருந்தேன். எந்த நேரமும் எழுந்து ஓட வசதியாக என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. அவளுக்கு அது வராது. "விமலா, நான் ஒண்ணு சொன்னா என்னைத் தப்பா நினைக்கப் பிடாது. உனக்க மோன் தினமும் வாறான்லா?"

விமலாவின் கத்தி நின்றது.

"அவன் செத்துப் போனது அவனுக்குத் தெரியாது. நான் அன்னைக்குச் சொல்ல வந்தேன், முடியல. நீ சொன்னாத்தான் கேப்பான். சொல்லிரு மக்கா. அவன் பாவம், தெரியாம நிக்கான். சொன்னா போயிருவான்."

விமலா கத்தியை எடுத்து எறிவாள், அல்லது மயங்கி விழுவாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நறுக்கிய காயை ஒரு பக்கமாகத் தள்ளினாள். விரலில் ஒட்டியிருந்த நாரை எடுத்துப் போட்டாள். பிறகு மிகச் சாதாரணமான குரலில் சொன்னாள்.

"அவனுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சேச்சி. அதுகொண்டுதான் நான் அவன்கிட்ட பறையாம இருக்கேன்."

அக்கா அவளையே பார்த்தாள்.

"பறஞ்சா போயிருவான்லே?" என்றாள் விமலா. "பின்ன நான் எதுக்குப் பறையணும்? நீங்களும் பறயண்டா. இந்தச் சந்துல ஆரும் அவன்கிட்ட பறயண்டா." சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்து எதிர் வரிசையில் ஒரு பெரியவர் இறந்தார். அக்கா எல்லோரையும்போல வெறுமே சேலை மாற்றிக்கொண்டு வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உள்ள போகலியாக்கா?" என்றேன்.

"அந்த வீட்டுல யாருக்காவது அவரு வேணுமாயிருக்கும்" என்றாள்.

அதன் பிறகு அவள் யார் காதிலும் எதுவும் சொல்லி நான் பார்க்கவில்லை. ஆனால் விமலாவிடம் அவளுக்குப் புதிதாக ஒரு நெருக்கம் வந்துவிட்டது. கடை விட்டதும் நேரே அங்கே போவாள். இருவரும் முற்றத்தில் நாற்காலி போட்டு ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். பிரவீணைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். நேரமானதும் விமலா எழுந்து கேட்டைத் திறப்பாள். அக்கா தன் நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொள்வாள். அவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள், அந்த நேரத்தில் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவாள். வாய் தவறி எதையாவது சொல்லிவிடுவோமோ என்ற கவனம் அவள் முகத்தில் தெரியும்.

இப்படியே சில வருஷம் போயிற்று. விமலாவுக்கு முட்டுவலி, சர்க்கரை, பிறகு ஒருமுறை குளியலறையில் விழுந்தாள். மகள் பெங்களூரிலிருந்து வந்து, இனி தனியாக விட முடியாது என்றாள். வீட்டை விற்றார்கள். வாங்கியவர் இடித்துவிட்டு குடோன் கட்டப் போகிறார்.

புறப்படுகிற அன்று சாமான் எல்லாம் முன்னமே லாரியில் போய்விட்டது. சந்து முனையில் மருமகன் காரோடு நின்றார். மத்தியானமே கிளம்ப வேண்டியது. விமலா சாயங்காலம் வரைக்கும் அசையவில்லை. அக்காவையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பினாள்.

"சேச்சி, வீடு இடிச்சா அவன் எவிட வருவான்?" என்றாள். "ஆளும் இல்லாம, கேட்டும் இல்லாம, வந்து நிப்பான்லே. நீங்க பறஞ்சு குடுங்க. எனக்கு வாய் வராது."

"எனக்கு அந்தத் தைரியம் இப்ப இல்ல விமலா" என்றாள் அக்கா. "அதுவுமில்லாம, உனக்க குரல்தான் அவனுக்குத் தெரியும்."

வழக்கமான நேரத்துக்கு விமலா கேட்டைத் திறந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடினாள். பிறகு காலியாகக் கிடந்த முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் முற்றத்தில் போனைக் கையில் பிடித்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். அம்மா வீட்டிடம் விடைபெறுகிறாள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அக்காவும் நானும் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே விமலாவின் குரல் கேட்டது. வார்த்தை எதுவும் புரியவில்லை. சோறு போட்டுக்கொண்டே பேசுகிற மாதிரியான குரல். நடுவில் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு "ம்" என்றாள். கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". யாரோ சொல்வதைக் கேட்கிறபோது நாம் போடுகிற "ம்" அது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த இறுக்கத்தில் என் வளையல் ஒன்று நெளிந்தது.

கதவு திறந்தது. விமலா அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. பல வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"அவனுக்கு அன்னைக்கே தெரியுமாம் சேச்சி" என்றாள்.

அக்கா, "என்னது?" என்றாள்.

"தொடக்கத்துலயே தெரியுமாம். எனக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சானாம். அம்மை கேட்டைத் திறந்து நிக்கிறாளே, நான் வரலேன்னா தாங்க மாட்டாளேன்னு தினமும் வந்துட்டு இருந்தானாம்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனி நான் போலாமா அம்மைன்னு கேட்டான். போ மோனேன்னு பறஞ்சேன்."

மகள் வந்து கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். கார் போனதும் சந்து ரொம்ப அகலமாகத் தெரிந்தது.

எங்கள் வீடுகளுக்கு அங்கிருந்து ஐம்பதடி தூரம்கூட இருக்காது. அக்கா அதை நடக்க முடியாமல் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவள் கேட்டது வேறு.

"எனக்க மாப்பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்குமா பிள்ளே?"

இத்தனை வருஷத்தில் அவள் கணவரைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. தடித்த அந்தக் குரலில் இல்லாமல், வேறொரு குரலில் சொல்லத் தொடங்கினாள். அவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். காடாத்துச் சடங்கெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, அடுக்களை வாசலில் அவர் வந்து நின்றாராம். உயிரோடு இருக்கும்போது எப்படி நிற்பாரோ அப்படி, ஒரு கையை நிலையில் ஊன்றிக்கொண்டு. அவள் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். பேச்சு இல்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

"எனக்குப் பயம் இல்ல. பாவமா இருந்துது. செத்தது தெரியாம வந்து நிக்காரேன்னு. நான்தான் யாருக்காவது எதாவது தெரியலேன்னா பொறுக்க மாட்டேனே. அடுப்ப அணைச்சிட்டுத் திரும்பி நின்னு, 'நீங்க செத்துப் போயிட்டீங்க, இனி இங்க வேலை இல்ல, போங்க'ன்னு சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. அப்புறம் வரல்ல. வீடே காலியாயிட்டு."

சந்தில் யாரோ ஸ்கூட்டரில் போனார்கள். அது கடந்துபோகிற வரை நிறுத்தி, பிறகு சொன்னாள்.

"அந்தப் பார்வை இருக்கே. இவருக்கு இப்பதான் விசயம் தெரியுது, அந்த அதிர்ச்சியில பாக்காருன்னு இவ்வளவு காலமும் நெனச்சிட்டிருந்தேன். அத நம்பித்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிப் போயிச் சொன்னேன். அது அப்படி இல்லலா? அவருக்கு முதல்லயே தெரியும். நான் தனியா இருக்கேன்னு வந்து நின்னிருக்காரு. இவ என்னைப் போகச் சொல்லுகாளேன்னுலா பாத்திருக்காரு."

ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. "அவரு புரிஞ்சுக்கிட்டிருப்பாருக்கா" என்றேன்.

"ம்" என்றாள் அக்கா. "புரிஞ்சுதான் போயிருப்பாரு."